கூட இருந்து பார்ப்பவள்

பிசினஸ் ஸ்கூலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மேனேஜரின் பின்னாலேயே அலைவதுதான் என் வேலையாக இருந்தது. அமெரிக்காவில் சுகர் லேண்ட் என்ற ஊரில் ஓர் எரிசக்தி நிறுவனம். மேனேஜர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பது எங்கள் ஆய்வு. கேள்வித்தாள் கொடுத்தால் எல்லோரும் தங்களைப் பற்றி நல்லதாகவே எழுதிவிடுகிறார்கள், கூடவே போய் உட்கார்ந்து பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பது என் பேராசிரியரின் கட்சி. நான் வாயைத் திறக்கக் கூடாது. உள்ளே கேட்டது எதுவும் வெளியே போகாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் கதவைத் திறக்கும் கார்டைத் தந்தார்கள்.

அந்த மேனேஜர் கோயமுத்தூர்க்காரர், நாற்பதைத் தாண்டியவர். முதல் நாள் பழக்கத்தில் "சார்" என்றுவிட்டேன். "இங்க யாருமே சார் இல்லைங்க" என்றவர், சற்றுப் பொறுத்து, "ஆனா கேக்க நல்லாத்தான் இருக்குது, சொல்லுங்க" என்றார். அவர் நாள் முழுக்க மீட்டிங்கிலிருந்து மீட்டிங்குக்கு ஓடினார், நான் பின்னால் ஓடினேன். சில வாரங்களில் நான் அறையில் இருப்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ஒரே ஒருத்தி மறக்கவில்லை. அவருடைய டீமில் வேலை பார்த்தவள், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், அம்பத்தூர்க்காரி. மைக்ரோவேவ் முன்னால் என் புளியோதரையைப் பார்த்து, "தமிழா? அப்ப ஏம்மா தனியா சாப்புடுற?" என்று கேட்டாள். அன்றிலிருந்து லஞ்ச் அவளோடுதான். நான் அக்கா என்றேன், அவள் இரண்டே நாளில் 'டி' போட ஆரம்பித்தாள். அவள் விசாவில்தான் குடும்பமே இந்த நாட்டில் இருந்தது. கணவனின் வொர்க் பர்மிட்டும் அவள் வேலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து வயதில் ஒரு பெண்.

"வீடு ஃபைனல் பண்ணிட்டோம்டி" என்றாள் ஒருநாள். "பின்னாடி குட்டியா ஒரு ஏரி. வாத்துலாம் வருது. அடுத்த மாசம் க்ளோஸிங், பத்திரம் பதியணும்."

அந்த வாரமே அந்த மீட்டிங் வந்தது. திரையில் மேலதிகாரி, மேஜையருகே எச்.ஆர். பெண்மணி, மேனேஜர், மூலையில் நான். டீமைக் குறைக்க வேண்டும், யாரை விடலாம் என்று மேலதிகாரி கேட்டார். மேனேஜர் காபிக் கப்பைத் தள்ளி வைத்தார், திரும்ப இழுத்துக்கொண்டார். டீம் பட்டியலை மேலிருந்து கீழாக இருமுறை படித்தார். பிறகு அக்காவின் பெயரைச் சொன்னார். அவள் வேலையை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்றார். என் விரல்கள் அதையும் டைப் செய்தன.

மாலையில் அவர் காரில்தான் திரும்புவேன். காரில் வரும் ஃபோன்களிலும் முடிவுகள் நடக்கின்றன என்பதால் அதுவும் ஆய்வில் சேர்த்தி. அன்று ஃப்ரீவே நகரவேயில்லை. முன்னும் பின்னும் லாரிகள்.

"சார், அவங்க வீடு வாங்கப் போறாங்க" என்றேன். விதியை மீறி அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அது.

"தெரியுமுங்க. லோனுக்கு எந்த பேங்க் நல்லாருக்கும்னு எங்கிட்டத்தான் கேட்டுச்சு." ஸ்டியரிங்கை விரலால் தட்டினார். "அதுகிட்ட சொன்னன்னா என்ற வேலை போயிரும். கிரீன் கார்டு இன்னும் லைன்லயே நிக்குது, பையன் காலேஜ் போறான். நீங்க சொல்லீருவீங்களா?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன் சார்."

"நானுந்தானுங்க."

இறங்கி ஓடவும் இடமில்லாத ஃப்ரீவேயில் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் பேராசிரியருக்கு ஃபோன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். என் வருத்தம் புரிகிறது, ஆனால் நான் தலையிட்டால் இனி எந்தக் கம்பெனியும் எங்களை உள்ளே விடாது என்றார். நானும் விசாவில் இருப்பவள்தான். அவர் கையெழுத்தில்லாமல் எனக்குப் பட்டமில்லை.

லஞ்சுக்குப் போவதை நிறுத்தினேன். மீட்டிங் அறையிலேயே ஏதோ வேலை இருப்பதுபோல் பாவனை செய்தேன். சில நாள் பார்த்துவிட்டு, பார்க்கிங்கில் அவள் என்னை மடக்கினாள்.

"நான் எதனா தப்பா பேசிட்டனா?"

"ஐயோ, இல்லக்கா."

"அப்பறம் ஏன் மூஞ்சியப் பாக்க மாட்ற? சரி, வுடு. சனிக்கெழம வீட்ட ஒரு வாட்டி பாக்கப் போறோம். நீயும் வாயேன்."

"என்னால வர முடியாதுக்கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஆனால் கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் முடியவில்லை. அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் எந்த அறைகளில் உட்காருகிறேன் என்பது அவளுக்குத் தெரியும். "சரிடி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

அந்த வீட்டை அவர்கள் வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் ஸ்கூல் சரியில்லை என்று அக்கா ஆபீஸில் எல்லோரிடமும் சொன்னாள்.

ஆட்களை அனுப்பும் நாள் வந்தது. முதலில் கூப்பிடப்பட்டவர் மேனேஜர். நான் எழுந்து பின்னால் போனேன், எச்.ஆர். பெண்மணி கதவருகே கையை நீட்டி என்னைத் தடுத்தார். வெளியே வந்தபோது மேனேஜரின் முகம் வெளுத்திருந்தது. மேலே வேறு முடிவு எடுத்திருந்தார்கள். டீமை இன்னொரு ஊர் டீமோடு சேர்த்துவிட்டார்கள், அதற்கு ஏற்கெனவே ஒரு மேனேஜர் இருந்தார், இவருக்கு வேலை போய்விட்டது. அக்காவின் பெயரை யாரும் எடுக்கவேயில்லை.

அவரை நம்பித்தான் என் அனுமதியும் இருந்ததால் நானும் கார்டைத் திருப்பிக் கொடுத்தேன். லிஃப்டில் இறங்கும்போது கேட்டார்: "இதெல்லாம் எழுதுவீங்களா?"

"எழுதணும் சார்."

"எழுதுங்க. டக்குனு சொல்லலைனு எழுதுங்க. யோசிச்சுத்தான் சொன்னேன்."

வேலை போனபின் விசாவில் இருக்க விடும் அறுபது நாள் தவணை முடிவதற்குள் அவருக்கு டல்லாஸில் இதைவிடச் சின்னதாக ஒரு வேலை கிடைத்தது. குடும்பம் இங்கே, அவர் அங்கே. அவர் கேட்டபடியே எழுதினேன். அந்த அத்தியாயம்தான் ஆய்வேட்டிலேயே சிறந்தது என்றார் பேராசிரியர்.

அக்கா சில மாதம் கழித்து, மகளின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டாள். அதே வாடகை அபார்ட்மென்ட். கேக் வெட்டி முடிந்ததும் கிச்சனில் பேப்பர் தட்டுகளை அடுக்கிக்கொண்டே பேசினாள்.

"அந்த வீட்ட யாரோ வாங்கிட்டாங்க. நீ அன்னிக்கு அழாம இருந்திருந்தா நான் அங்க இருந்திருப்பேன். அழுததுக்கு உன்னத் திட்றதா, சொல்லாததுக்குத் திட்றதானு எனக்கே புரில."

"திட்டுங்கக்கா."

"வேலதான் போகலியே, எதுக்குத் திட்ட?" என்றாள். அடுக்கிய தட்டுகளை என் பக்கம் நகர்த்தி, "ஆனா இப்பலாம் மீட்டிங் ரூம் கதவ சாத்துனாலே என் பேருதான்னு தோணுது. வேற வேல பாக்கலாம்னா இவருக்கு பயம். கிரீன் கார்டு ப்ராசஸ் பாதில நிக்குது. எங்கடி போறது?" என்றாள்.

தட்டுகளை வாங்கிக்கொண்டு, குழந்தைகள் இருந்த பக்கம் போனேன்.