இருபத்தாறில் ஒன்று

செவ்வாய்க்கிழமை மாலை, நாலு இருபது. என் மனைவி ஸ்டெல்லா உள்ளறையிலிருந்து போட்ட சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது.

“என்னங்க... இருபத்தஞ்சுதான் இருக்கு!”

ஆங்கில எழுத்துகள். பிளாஸ்டிக்கில், கட்டைவிரல் நகம் அளவு. நாலு வயது ஜென்சிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாங்கினேன். ‘ஓ’வைக் காணோம்.

“முழுங்கிட்டியாம்மா?”

“ம்.”

“முழுங்கலையா?”

“ம்.”

“பெறகு எங்கதான் இருக்கு?”

“கூடையில.”

காய்கறிக் கூடை, அழுக்குத்துணிக் கூடை... எல்லாவற்றையும் கவிழ்த்தோம். இல்லை. நாற்பதைத் தாண்டிப் பெற்ற ஒரே பிள்ளை. வாரித் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் நிதானமாகப் பார்த்தார். “மூச்சு நல்லாத்தான் இருக்கு. பிளாஸ்டிக் எக்ஸ்ரேல தெரியாது சார். இருமல், வாந்தின்னா ஒடனே தூக்கிட்டு வாங்க.”

வீட்டுக்கு வந்து அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் தும்மினால் எனக்கு வியர்த்தது.

“அம்புட்டு அவசரமா வாங்கியாந்தீங்களே!” என்றாள் ஸ்டெல்லா.

அவசரம்தான். எல்.கே.ஜி. சேர்ந்து மூன்று மாதம். அமுதா டீச்சர் ஏ, பி, சி ஒப்பிக்கவே வைக்கவில்லை. தட்டு நிறைய எழுத்துகளைக் கொட்டி, நேர்கோடு ஒரு கூடை, வளைந்தது ஒரு கூடை, இரண்டும் கலந்தது ஒரு கூடை என்று பிரிக்கச் சொல்கிறார். இதுவா படிப்பு? போன வாரம் சண்டைக்கே போனேன்.

டீச்சர் தினமும் ஒட்டன்சத்திரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். கோபமே இல்லை. “ஏனுங்க, எங்கூரு மார்க்கெட்ல பேரு கேட்டுட்டா தக்காளியத் தரம் பிரிக்கறாங்க? மொதல்ல கண்ணு பழகட்டுமுங்க.”

நான் நம்பவில்லை. அதனால்தான் அந்த எழுத்துப் பெட்டியை வாங்கினேன்.

எங்கள் பதற்றம் தெரியாமல், மிச்சமிருந்த இருபத்தைந்தையும் தரையில் பரப்பிக்கொண்டிருந்தாள் ஜென்சி. ‘டி’யை எடுத்தாள். அதன் நேர்கோட்டையும் வளைவையும் விரலால் தடவினாள். ஒரு நொடி யோசித்து, கலந்த கூட்டத்தில் வைத்தாள். மூன்று கும்பல் — ஒன்றுகூடத் தப்பில்லை! யாரும் சொல்லாமல்! அந்தப் பயத்திலும் எனக்குப் புல்லரித்தது.

ஆறே முக்காலுக்குக் கதவு தட்டும் சத்தம். அமுதா டீச்சர். ஊருக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு, வீட்டை விசாரித்து நடந்தே வந்திருக்கிறார். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார்.

‘ஓ’!

ஜென்சி சொன்ன கூடை, வகுப்பறையில் வளைந்த எழுத்துகளைப் போடும் கூடை. பள்ளிக்கூடத்தில் ‘ஓ’ இருக்கும் இடம் அதுதானே? காலையில் எடுத்துப் போய்ச் சேர்த்துவிட்டாள். குழந்தை முதலிலேயே சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

“சாயங்காலம் எண்ணிப் பாத்துட்டுத்தான் பூட்டுவனுங்க. இன்னிக்கு ‘ஓ’ ஒண்ணு கூடுதலா இருந்துச்சு. புதுப் பெட்டி வாங்குனத இவதான் ரெண்டு நாளாச் சொல்லிட்டிருந்தா.”

“கூடத்தானே இருந்துச்சு, டீச்சர்? நாளைக்குக் குடுத்திருக்கலாமே...” என்றேன்.

“கொறஞ்சா நாங்க தேடுவமுங்க. கூடுனா, எந்த வீட்லயோ தேடிட்டு இருப்பாங்கள்லங்க?”