நாலு பேருக்கு ஒரு கணினி

ஆனந்தன் சார் நல்லவர்தான். ஆனால் வறட்டு கௌரவம் பார்ப்பார். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேச என்னால் முடியாது.

திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். அவர் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆசிரியர். 2006இல் அந்தக் கல்லூரியும் ஒரு வெளிநாட்டுக் கல்லூரியும் சேர்ந்து, இரு நாட்டு மாணவர்களும் குழுவாக வேலை செய்ய ஓர் இணையதளம் உருவாக்கத் தொடங்கின. உங்கள் பிள்ளைகள் எப்படி வேலை செய்வார்கள் என்று அங்கிருந்து கேட்டிருந்தார்கள். என் கடையில் உட்கார்ந்துதான் சார் பதில் அடித்தார்: ஆளுக்கு ஒரு கணினி.

"இன்னா சார் இது? இங்க ஒரு மிஷினாண்ட நாலு பேரு உக்காந்துகினுதான செய்றாங்க?" என்றேன்.

"அத எழுதினா நம்மளப் பத்தி இன்னா நெனைப்பாங்க ஜெயம்மா?"

அதை நம்பி, யார் பெயரில் எத்தனை வரி என்று எண்ணி மதிப்பெண் போடும்படி தளத்தை அமைத்துவிட்டார்கள்.

சாரிடம் படித்த திருவாலங்காட்டு மணியம்மை மூன்று தோழிகளோடு என் கடைக்குத்தான் வருவாள். யோசனை எல்லாம் அவளுடையது. அவள் சொல்லச் சொல்ல, ஸ்வர்ணா தன் பெயரில் நுழைந்து வேகமாக அடிப்பாள். மற்ற இருவரும் தங்கள் பெயரிலும் பத்து வரி போட்டுவைத்தார்கள். மணியம்மைக்கு அது தோன்றவில்லை. தளம் இவளுக்குப் பூஜ்யம் போட்டது. சார் பட்டியலைப் பார்க்காமலேயே கையெழுத்திட்டார். குழு வேலையில் பங்கேற்கவில்லை என்று வீட்டுக்குக் கடிதம் போனது.

அன்றோடு அவள் வரவில்லை. உடம்பு சரியில்லையாக்கும் என்று நானும் இருந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஸ்வர்ணா அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள்: அந்தக் கடிதத்தைப் பார்த்து அப்பா அவள் படிப்பையே நிறுத்திவிட்டாராம். எனக்கு வந்ததே கோபம்! நேராகக் கல்லூரிக்கே போய்விட்டேன்.

"உங்க கௌரவத்துக்கு ஒரு பொண்ணு படிப்பா சார் கெடைச்சுது?"

மனிதர் அன்றைக்கே வெளிநாட்டுக்கு உண்மையை எழுதினார். ஒரு வேலைக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் போடலாம் என்று அவர்கள் தளத்தை மாற்றினார்கள். மணியம்மைக்கு மதிப்பெண்ணும் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நானும் சாரும் திருவாலங்காட்டுக்குப் போனோம்.

அவள் அப்பா தேசப்பன் கரும்பு வெட்டும் கூலி. "தப்பு என்னுதுங்க. உங்க பொண்ணு நல்லாதான் செஞ்சிருக்குது" என்று சார் கைகூப்பினார்.

தேசப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் செஞ்சேன் நைனான்னு கால்ல வுழுந்து அழுதுச்சுங்க. காலேஜுலேர்ந்து கடுதாசியே வந்துகீது, பொய்யா சொல்றேன்னு அடிச்சுட்டேன்."

மணியம்மை அப்போதுதான் கரும்புக் கொல்லையிலிருந்து வந்தாள். கையெல்லாம் கரும்பின் சோகை இலை கிழித்த கோடு. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. சார் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, "பரீட்சைக்குப் பேரு குடுக்கற தேதி தாண்டிடுச்சா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

முந்தின வாரமே தாண்டியிருந்தது.

"ஆங்... தாண்டிடுச்சும்மா" என்றார் ஆனந்தன் சார்.