வசெமாதா அனுப்பிய அப்டேட்

"சேவ் பண்ணிட்டியா?" என்று கேட்டபடி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறாள் வசெமாதா. கையில் பாதி தின்ற ரொட்டிச் சுருள். பண்ணிவிட்டேன் என்று சொன்னால் நம்பமாட்டாள். குனிந்து திரையைப் பார்த்த பிறகுதான், "சரி, ரீஸ்டார்ட் பண்ணு" என்பாள். அப்புறம் செய்கிறேன் என்று இழுத்தால், "இருபது நாளா இதே அப்புறம்தான். கரும்புக் காட்டு மாட்டையே மத்தியானம் அவுத்து நெழல்ல கட்டுறாங்க. இது என்ன பாவம் பண்ணிச்சு?"

சுவா துறைமுகத்திலிருந்து தீவுகளுக்குக் கப்பல் விடும் எங்கள் நிறுவனத்தில் நூற்றுத் தொண்ணூறு கணினிகள். முக்கால்வாசி தலைமை அலுவலகத்தில், மிச்சம் பதினொரு துறைமுகங்களின் டிக்கெட் கவுன்ட்டர்களில். மாதம் ஒரு புதன்கிழமை, மென்பொருளின் ஓட்டைகளை அடைக்கும் பேட்ச் வந்து சேரும். அதை எல்லாக் கணினிகளிலும் ஏற்றுவது வசெமாதாவின் வேலை. ஒன்பது வருடமாக அவள் பக்கத்து மேசையில் உட்கார்ந்து நான் முன்பதிவு பார்க்கிறேன்.

முதலில் ஏழே ஏழு கணினிகளில் போடுவாள். ஒன்று அவளுடையது, ஒன்று மேலாளர் கமலேஷுடையது. மற்ற ஐந்தும் அலுவலகத்திலேயே அதிகம் கத்துகிறவர்களுடையவை. "சத்தம் போடாதவங்களுக்குக் குடுத்தா, ஏதாச்சும் கெட்டுப்போனா எனக்கு எப்படித் தெரியும்?" இரண்டு நாள் யாரும் கத்தவில்லையென்றால் மற்றவற்றுக்கும் போகும். இணையம் நூலிழையாய் வரும் தீவுகளுக்குப் பென்டிரைவில் ஏற்றி, பால்மாவு டப்பாவுக்குள் வைத்து, கப்பல் சமையல்காரரிடம் கொடுப்பாள். "கேப்டன் மறந்துருவாரு. சோறு போடுறவன் மறக்கமாட்டான்."

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு துறைக்கும் போன். "போனை பிரிண்டர்கிட்ட வை." டிக்கெட் அச்சாகும் கரகரப்பைத் தன் காதால் கேட்டால்தான் அந்தத் துறைக்கு நேராக டிக் விழும்.

போன மே மாதம் அந்த வழக்கம் தவறியது. வேறொரு நிறுவனத்தின் கணினிகளை யாரோ திருட்டுத்தனமாக நுழைந்து முடக்கிவிட்டார்கள் என்று புதன்கிழமை காலை செய்தி வந்தது. அதே ஓட்டை எங்களிடமும் இருந்தது. வசெமாதா பயந்துபோனாள். "ரெண்டு நாள் காத்திருந்து, அதுக்குள்ள நமக்கும் வந்துட்டா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கென்ன தெரியும்? சாயங்காலத்துக்குள், இணையம் எட்டிய இடத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டாள்.

வியாழன் காலை சவுசவுத் துறையில் பிரிண்டர் வேலை செய்யவில்லை. டிக்கெட் வரவில்லை, பயணிகள் பட்டியலும் வரவில்லை. பட்டியல் இல்லாமல் கப்பலை விடமுடியாது என்றார் துறைமுக அதிகாரி. கவுன்ட்டரில் இருந்த லோசலினி சேர்ந்து நான்கு மாதம்தான். இருநூற்று எண்பத்து மூன்று பெயர்களைக் கையால் எழுதினாள். "ஒரு பொத்தானை அமுக்கத் தெரியாதவளை எதுக்கு இங்க உக்கார வெச்சிருக்காங்க?" என்று வரிசையே திட்டியது. கப்பல் மூன்று மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. வசெமாதா ஒவ்வொரு கவுன்ட்டராகப் பேட்ச்சைக் கழற்றி முடிக்கும்போது மதியமாகிவிட்டது.

"பேட்ச் செஞ்சவன் தப்பு. அப்படியே ரிப்போர்ட் எழுதிடு" என்றார் கமலேஷ்.

"அவன் தப்புப் பண்ணுவான்னு தெரிஞ்சுதானே சார் என்னை இங்க வெச்சிருக்கீங்க?"

'சோதிக்காமல் அனுப்பியது நான்' என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் விடுப்புக் கேட்டாள்.

அடுத்த கப்பலில் நானும் கூடப் போனேன். சவுசவுவில் இறங்கியபோது கவுன்ட்டர் முன்னால் முப்பது பேராவது நின்றிருந்தார்கள். வசெமாதா வரிசையைத் தாண்டி முன்னே போனாள். பாவாடையை ஒதுக்கிக்கொண்டு சிமெண்டுத் தரையில் சம்மணமிட்டாள். பையிலிருந்து கரைத்துக் குடிக்கும் கவா வேர்க்கட்டு ஒன்றை எடுத்துத் தன் முன்னால் வைத்தாள். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்பவர் கவாவை முன்னால் வைப்பதும், மன்னிப்பவர் அதைத் தொட்டு ஏற்பதும் இங்கே வழக்கம்.

"ஐயோ, எழுந்திருங்கக்கா! ஆளுங்க பாக்குறாங்க" என்றாள் லோசலினி, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து.

"அன்னிக்கும் பாத்தாங்கல்ல" என்றாள் வசெமாதா. வேர்க்கட்டை இரண்டு கையாலும் முன்னே தள்ளிவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

லோசலினி பக்கக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வேர்க்கட்டைத் தொட்டாள்.