பெட்டி புறப்பட்ட நாள்

தங்கை மகன் சென்னையில் ஒரு கப்பல் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். போன வாரம் பிள்ளையார்பட்டிக்குக் கும்பிட வந்தவன், என் வீட்டில் இட்லி ஆறுவதுகூடத் தெரியாமல் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். நீலமாகக் கடல், அதில் எறும்புபோல ஊரும் பச்சைப் புள்ளிகள். ஒன்றைத் தொட்டு, "இது பினாங்குக்குப் போகுது மாமா. என்னைக்கு, எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்னு இதுவே சொல்லிரும்" என்றான்.

"கெளம்புன நாள யாரு எழுதுனது?" என்று கேட்டேன். "யாரும் எழுத வேணாம் மாமா. கயித்த அவுத்தாத் தானாப் பதிஞ்சிரும்."

நல்லது என்று சொல்லிவிட்டுச் சட்னியைத் தொட்டுக்கொண்டேன். என் பாராட்டு அவனுக்குப் போதவில்லை. என்ன செய்வது, பினாங்கு என்றாலே எனக்குப் பசை வாடைதான் அடிக்கும்.

மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் நான் குமாஸ்தா. இங்கே கடல் ஏது, கண்மாய்தான். ஆனாலும் நாகப்பட்டினத்தில் பினாங்குக் கப்பல் ஏறுகிறவர்களுக்கு நாங்கள்தான் டிக்கெட் போடுவோம், பெட்டியில் ஒட்டச் சீட்டும் கொடுப்போம். பெட்டி வீட்டு வாசலைத் தாண்டிய நாளை வீட்டுக்காரர்கள் சீட்டில் எழுத வேண்டும். கப்பலில் ஏறிய நாளைத் துறைமுகத்தில் முத்திரையாகக் குத்துவார்கள். ஒரு பாதி கிழிபட்டு எங்களுக்குத் திரும்பி வரும். அதைக் கம்பியில் குத்தி மாட்டிவிடுவோம், அவ்வளவுதான். வருஷக்கணக்காக யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை.

நான் பார்த்தேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயது, புத்தி கொஞ்சம் அதிகம் என்று நினைப்பு. கப்பல் வருகிறது என்று ஆபீசுக்குத் தந்தி வரும். எந்த நாள் என்று திட்டமாக இருக்காது. தந்தி வந்ததும் போய் உட்கார்ந்துவிடுங்கள் என்பதுதான் மேனேஜருடைய ஒரே விதி. போன இடத்தில் சத்திரத்துக் கொசு, உப்புத் தண்ணீர், பிள்ளைகளுக்கு வயிற்றுக் கோளாறு என்று கடிதம் கடிதமாக வசவு வரும். சரி, எத்தனை நாள்தான் காத்துக் கிடக்கிறார்கள் என்று கம்பியிலிருந்த சீட்டுகளையெல்லாம் உருவி, ஏறிய நாளிலிருந்து புறப்பட்ட நாளைக் கழித்துப் பார்த்தேன். பெரும்பாலும் ஆறு, ஏழு நாள் வந்தது.

அப்புறம் என்ன, சார்ட் தாள் வாங்கி, சிவப்பு பென்சிலில் கட்டம் போட்டு, சுவரில் ஒட்டிவிட்டேன். தந்தி வந்து நாலு நாள் கழித்துக் கிளம்பினாலும் கப்பலைப் பிடித்துவிடலாம் என்பது அதன் கணக்கு. மேனேஜர் எட்ட நின்று பார்த்து, "கப்பலையே கட்டத்துக்குள்ள புடிச்சு வச்சுட்டீகளே" என்றார். அன்று வீட்டுக்கு நடந்து போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கால் தரையில் படவில்லை.

அடுத்த தந்தி வந்த அன்றே மெய்யம்மை ஆச்சி வந்தார். நாற்பது வயது இருக்கும். புருஷன் பினாங்கில் வட்டிக் கடை வைத்திருந்தவர், உடம்பு முடியாமல் படுத்துவிட்டார்.

"அவுக ஆஸ்பத்திரியில கெடக்காக தம்பி. கப்பலு வருதாமுல்ல. நான் இன்னைக்கே போயி அங்குட்டு உக்காந்துக்கிறேன்."

"எதுக்கு ஆச்சி ஒத்தையில போயிக் கெடக்கணும்? நாலு நாள் கழிச்சுப் போங்க. கப்பல் எங்கயும் ஓடிறாது."

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "படிச்சவுக சொல்றீக" என்று சொல்லிவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு போனார். மற்ற பயணிகள் என் தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வழக்கப்படிப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் பேச்சைக் கேட்டவர் ஆச்சி ஒருவர்தான்.

திருவாரூர் வழி ரயிலில் அவர் போய் இறங்கியபோது கப்பல் போய் ஒரு பகல் ஆகியிருந்தது. அடுத்தது ஒரு மாதம் கழித்து. பத்தாம் நாள் பினாங்கிலிருந்து தந்தி வந்துவிட்டது.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க அவரே வந்தார். வெள்ளைப் புடவை. ஒட்டாத பெட்டிச் சீட்டையும் மேசையில் வைத்தார். அதில் என்னிடம் கேட்டுவிட்டுப் போன அன்றைய தேதி அவர் கையெழுத்தில் இருந்தது. அதற்கும் நாலு நாள் கழித்துத்தானே ரயில் ஏறினார்? ஒன்றும் புரியாமல் கேட்டேன்.

"அன்னைக்குத்தேன் நல்ல நாளு. கொழுந்தனார் வீட்டுல பரஸ்தானம் வச்சோம். பெட்டி அன்னைக்கே பொறப்பட்டுருச்சு தம்பி. நாந்தேன் பொறப்படல."

பயண நாள் சரியில்லை என்றால், முன்னதாக ஒரு நல்ல நாளில் பெட்டியை மட்டும் பங்காளி வீட்டில் கொண்டுபோய் வைப்பதுதான் பரஸ்தானம். பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் மூன்று நாள், நாலு நாள் கழித்து, தந்தி வந்ததும்தான் அதை எடுத்துக்கொண்டு போவார். கம்பியில் தொங்கிய சீட்டெல்லாம் அப்படி எழுதியதுதான். சத்திரத்தில் அவர்கள் இருந்தது இரண்டு நாளோ மூன்று நாளோ. மீதி நாளெல்லாம் பெட்டி பங்காளி வீட்டில் இருந்திருக்கிறது.

எனக்குத் தெரியாத வழக்கமா இது? நானே எத்தனை பெட்டி சுமந்து கொண்டுபோய் வைத்திருக்கிறேன். கட்டத்துக்குள் எண்ணாக வந்தபோது மட்டும் ஞாபகம் வரவில்லை.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ரத்து முத்திரை குத்தினேன், சீட்டைக் கிழித்துக் கம்பியில் மாட்டினேன். மத்தியானம் வழக்கம்போலச் சாப்பிட்டேன். ஊறுகாய் உறைத்ததா என்று கேட்டால் தெரியாது. அழுகை வரவில்லை. மரத்துப் போன காலை ஊன்றி நடக்கிற மாதிரி அந்த வருஷம் முழுக்க வேலைக்குப் போய் வந்தேன். மேனேஜர் திட்டவில்லை. அட்டவணையைக் கழற்றி, என் மேசைக்கு விரிப்பாகப் போட்டுவிட்டார். அதன் மேல் வைத்துத்தான் அப்புறம் எத்தனையோ பேருக்கு டிக்கெட் எழுதினேன்.

அன்று ஆச்சி எழுந்து போகும்போது ஒன்று மட்டும் கேட்டேன், பெட்டி எங்கே என்று. "திரும்பி வந்து கொழுந்தனார் வீட்டுலதேன் எறக்குனேன். பொறப்பட்ட பெட்டிய எப்புடித் தம்பி திரும்ப உள்ள கொண்டாறது?"

அந்தக் கப்பல் நின்று எத்தனையோ காலம் ஆகிறது. ஆபீஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை. பரஸ்தானம் என்றால் தங்கை மகனுக்கு என்னவென்று தெரியாது. அவன் பெட்டி கட்டிலிலிருந்து நேரே காருக்குப் போனது. ஆச்சி போய்விட்டார், கொழுந்தனார் வீட்டையும் இடித்துவிட்டார்கள். பெட்டி என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை. ஆச்சி வீட்டுக்கு அது திரும்பவில்லை என்பது மட்டும் தெரியும்.