ஒரே வரிசையில் இரண்டு மாமன்கள்

ஏலவார்குழலியின் பெயர் எந்தக் கட்டத்திலும் அடங்கியதில்லை. பள்ளிக்கூட அடையாள அட்டையில் 'ஏலவார்கு' வரைக்கும்தான் வந்தது. ரேஷன் அட்டையில் கடைசி எழுத்தைக் காணோம். ஏகாம்பரநாதர் கோயில் அம்பாள் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு அம்மா இளவரசி நிம்மதியாக இருந்துவிட்டாள், அவதிப்பட்டதெல்லாம் மகள். அந்தக் கடுப்பிலோ என்னவோ, படித்து முடித்ததும் வலைப்பக்கங்களை வடிவமைக்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். எந்தப் பெட்டி எங்கே நிற்க வேண்டும், திரை சுருங்கினால் எது கீழே இறங்க வேண்டும் என்று கட்டளை போடும் சி.எஸ்.எஸ். என்கிற சங்கதிதான் அவளுக்குச் சோறு போட்டது. செவிலிமேட்டு வீட்டு மாடியறையில் உட்கார்ந்துகொண்டு சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்ப்பாள். ஒரு படம் மயிரிழை தள்ளி நின்றாலும் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படிப்பட்டவளுக்கு இரண்டு தாய்மாமன்கள். இரட்டையர். வீரபாகு, வீரகேசரி.

இவர்களில் யார் மூத்தவர் என்பது காஞ்சிபுரத்தில் தீராத வழக்கு. பிறந்த அன்றைக்கு மருத்துவச்சி முதல் பிள்ளையின் மணிக்கட்டில் பட்டு நூல் ஒன்றைக் கட்டிவைத்தாளாம். குளிப்பாட்டும்போது அது அவிழ்ந்து தண்ணீரோடு போய்விட்டது. அப்புறம் பெற்றவளைக் கேட்டால், கேட்கிறவன் எவனோ அவனைப் பார்த்து, 'நீதான்டா பெரியவன்' என்று சொல்லி அனுப்பிவிடுவாள். புண்ணியவதி, அதே பதிலோடு போய்ச் சேர்ந்தாள். ஆக, பிள்ளையார்பாளையத்தில் ஒரே வீட்டில் இரண்டு மூத்த பிள்ளைகள்.

அதனால் பிழைப்புக்கு ஒரு குறையும் வரவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் நெய்தது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவைக் கரைக்கென்று தனியாக ஓட்ட ஆள் வேண்டும் என்பதால் ஒருவராக நெய்ய முடியாது. ஒரு நாள் பாகு நெய்வார், கேசரி கரை நாடா போடுவார். மறுநாள் மாறிக்கொள்வார்கள். ஒரே தறிக்குழியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தே அறுபது வயதை நெருங்கிவிட்டார்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்கிற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை.

குழலிக்கு அப்பா இல்லை. அவள் படிப்புக்கு அந்தத் தறிதான் பணம் கட்டியது. காய்ச்சல் வந்தால் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியதும் இந்த இரண்டு பேர்தான். அதிலும் பாதித் தூரம் இவர், பாதித் தூரம் அவர். அவளுக்கும் ஓரகடத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தினேஷுக்கும் கல்யாணம் நிச்சயமானபோது அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. இரண்டு மாமன்களும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து அவளை மணமேடைக்குக் கூட்டிப் போக வேண்டும். மூத்த மாமன் முன்னால் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவதுதான் முறை. அந்த முறையை எப்படியாவது இரண்டாகப் பிளந்துவிடலாம் என்று நம்பினாள். முகூர்த்தப் புடவையையும் அவர்களே தறியில் ஏற்றிவிட்டார்கள்.

அச்சடித்த பத்திரிகையில் ஒரு தகராறும் வரவில்லை. அச்சகத்துக்காரர் ஊர்க்காரர், விவரம் தெரிந்தவர். பாதிப் பத்திரிகையில் பாகு இடது, கேசரி வலது. மீதிப் பாதியில் அப்படியே திருப்பிப் போட்டுக் கொடுத்துவிட்டார். வினையை விலைக்கு வாங்கியவள் குழலிதான். சென்னைத் தோழிகளுக்காக ஒரு வலைப்பக்கமும் செய்தாள். மேலே 'மணமக்கள்' என்று தலைப்பு, அதன் கீழ் அவள் பெயரும் தினேஷ் பெயரும், அதற்கும் கீழே மாமன்மார் இருவரும் படத்தோடு, பக்கத்தில் பக்கத்தில். கணினியில் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

கைப்பேசியில் பார்த்தால் அங்கே ஏது அகலம்? பக்கத்தில் நிற்க இடமில்லாத பெட்டிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக விழும். அதுதான் அந்தத் தொழிலின் இயல்பு. உலகத்தில் உள்ள எல்லாப் பக்கமும் அப்படித்தான் விழுகிறது, யாரும் செத்துப்போகவில்லை. ஆனால் இங்கே பாகு மேலே நின்றார், கேசரி கீழே விழுந்தார்.

அன்று மாலையே தறி நின்றது. கேசரி குழியில் இறங்க மாட்டேன் என்றுவிட்டார். மருமகளே தீர்ப்புச் சொல்லிவிட்ட பிறகு தனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். தனி ஆளாகக் கோர்வை நெய்ய முடியாதே! பாகு ஒற்றையாகக் குழியில் உட்கார்ந்து பாதிப் புடவையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கே வரப்போவதில்லை என்று கேசரி சொன்னதாக இளவரசி அழுதுகொண்டே வந்து மகளிடம் சொன்னாள்.

இதென்ன பெரிய விஷயம் என்றுதான் குழலி நினைத்தாள். திரை எவ்வளவு குறுகினாலும் இரண்டு பத்தியாகவே நிற்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினாள். நின்றது. ஆனால் 'வீரபாகு' ஒரே வரியில் அடங்கியது. ஓர் எழுத்து கூடுதலான 'வீரகேசரி' அடங்காமல் கடைசி 'ரி' மட்டும் அடுத்த வரியில் அநாதையாக நின்றது. அவன் பெயர் முழுசாக இருக்கிறது, என் பெயர் மட்டும் ஏன் உடைந்திருக்கிறது என்று கேசரி கேட்டு அனுப்பினார். எழுத்தைச் சிறிதாக்கினாள். இப்போது கண்ணாடி போட்டும் தெரியவில்லை என்று பாகு கேட்டு அனுப்பினார்.

இதற்குப் பிறகு அவள் செய்தது கொஞ்சம் திருட்டுத்தனம். பாகுவினுடையது பழைய, குறுகலான கைப்பேசி. கேசரியினுடையது மகள் வாங்கித் தந்த அகலமான கைப்பேசி. இந்த அகலம் வரைக்கும் பாகு மேலே, அதைத் தாண்டினால் கேசரி மேலே என்று கட்டளை எழுதினாள். அகலத்துக்குத் தகுந்தபடி வரிசையை மாற்ற அந்தத் தொழிலில் வழி இருக்கிறது. அது மாமன்களுக்காக வைத்ததல்ல, அவ்வளவுதான். அவரவர் திரையில் அவரவர் மூத்தவர். இருவருமே மருமகளுக்கு நியாயம் தெரியும் என்று தெருவில் சொல்லிக்கொண்டார்கள். தறி ஓடியது.

பாகுவின் கைப்பேசி ஒருநாள் தறிக்குழிக்குள் விழுந்து கண்ணாடி நொறுங்கும் வரை ஓடியது. ஜரிகை வியாபாரியிடம் தன் பெருமையைக் காட்டுவதற்காக அவர் தம்பியின் கைப்பேசியை, அதாவது அண்ணனின் கைப்பேசியை, சரி, கேசரியின் கைப்பேசியை வாங்கித் திறந்தார். அதில் கேசரி மேலே இருந்தார்.

அன்றைக்குக் குழலியின் வீட்டுக்கு இரண்டு பேரும் தனித்தனியாக வந்து, ஒரே வார்த்தைகளில் திட்டிவிட்டுப் போனார்கள். முந்தானைக்கு வந்ததும் புடவை அப்படியே நின்றது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. குழலி ஆபீஸ் வேலையைத் தூக்கி ஓரம் வைத்தாள். ஆத்திரம் வந்தால் அவளுக்குக் கை வேகமாக ஓடும். மாமன்கள் இருவரையும் ஒரே அளவில் வெட்டினாள், ஒரே பெட்டியில் அடைத்தாள், பக்கத்தின் இயல்பான ஓட்டத்திலிருந்து அந்தப் பெட்டியைப் பிடுங்கி, மேலிருந்து இத்தனை தூரத்தில் நிற்க வேண்டும் என்று ஆணியடித்தாள். எது வந்தாலும் அவர்கள் மேல் படியக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றியும் வைத்தாள். ஆபீஸ் கொடுத்த தன் பெரிய கைப்பேசியில் திறந்து பார்த்தாள். பிரமாதமாக இருந்தது.

மாமன்கள் ஊரில் உள்ள கைப்பேசிகளை எல்லாம் இரவல் வாங்கி வரிசையாகப் பாயில் அடுக்கி, அடிக்கோல் வைத்து அளந்தார்கள். தங்கள் படத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அவன் மீசையும் இவன் மீசையும் ஒரே கோட்டில் இருந்தன. எந்தப் பக்கமும் குறையில்லை என்று ஒப்புக்கொண்டு குழியில் இறங்கினார்கள். முந்தானை முடிந்தது, புடவையை அறுத்துப் பூஜையில் வைத்து, அரக்கும் பச்சையுமாகச் செவிலிமேட்டுக்கு அனுப்பினார்கள். இளவரசி அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். பத்திரிகைப் பக்கத்தின் இணைப்பைச் சொந்தக்காரர்கள் குழுவில் எல்லாம் போட்டாள்.

முதலில் தாமலிலிருந்து போன் வந்தது. பாகுவின் மனைவி எல்லம்மாளின் அக்கா அழுதுகொண்டே, இந்த வயதில் உன் வீட்டுக்காரருக்கு இன்னொரு கல்யாணமா என்று கேட்டாள். எல்லம்மாள் அன்றைக்கு அடுப்புப் பற்ற வைக்கவில்லை. அடுத்து மாகறல் கல்யாணத் தரகர் கேசரிக்குப் போன் போட்டார். மனைவியை இழந்த மனுஷன், வேண்டியதுதான், ஆனால் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நல்ல இடமாகப் பார்த்திருப்பேனே என்று வருத்தப்பட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் பாகுவுக்கு ஒருவர் கை கொடுத்தார். ரங்கசாமி குளத்தெரு டீக்கடையில் ஒருவர் கேட்டதை எழுத முடியாது.

குழலி அம்மாவின் கைப்பேசியை வாங்கித் திறந்தாள். மேலே 'மணமக்கள்'. அதன் கீழே, முறுக்கிய மீசையோடு பாகு மாமாவும் கேசரி மாமாவும், தோளோடு தோள். சின்னத் திரையில் மற்றதெல்லாம் கீழே இறங்கிவிட, ஆணியடித்த பெட்டி மட்டும் இறங்காமல் நேராக அவள் பெயர் மேலும் தினேஷ் பெயர் மேலும் உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை, பெண் இருவருமே அடியில் நசுங்கிக் கிடந்தார்கள். பக்கம் ஊரெல்லாம் போய் எத்தனையோ நாளாகிவிட்டது. நூற்றுக்கணக்கான பேர் பார்த்துப் பூப்படமும் கும்பிடும் கைப்படமும் போட்டிருந்தார்கள். பெண் பெயர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

தினேஷைக் கூப்பிட்டு, நீயாவது பார்க்கவில்லையா என்றாள்.

"பாத்தேனே," என்றான் அவன். "டிசைன்னு நெனச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பெயர் முழுசாக அடங்கும்படி ஓர் இடம் செய்திருந்தாள். அதன் மேல் தானே இரண்டு மாமன்களைத் தூக்கி வைத்துவிட்டாள். யாரைத் திட்டுவது?

மாமன்கள் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். அப்படி வந்ததே இல்லை. இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. குழலி அழுது வீங்கிய கண்ணோடு மாடியிலிருந்து இறங்கி வந்ததைப் பார்த்ததும், திட்ட வந்தவர்கள் திட்ட மறந்துபோனார்கள்.

"எங்க பேரே வோணாம்மா," என்றார் பாகு. "ஒன் பேர போடு. ஒன் கல்யாணம்தானே நடக்குது."

"அவன வோணும்னா மேல போடு," என்றார் கேசரி. "நான் கீழயே இருந்துக்கிறேன்."

"யாருடா கீழ? நான் கீழ இருக்கறேன். நீ மேல போ."

அதிலிருந்து ஆரம்பித்து, விட்டுக்கொடுப்பது நானா நீயா என்று அடுத்த சண்டை வாசலிலேயே தொடங்கிவிட்டது. குழலி மாடிக்குப் போனாள். எல்லா ஆணியையும் பிடுங்கினாள். யார் எங்கே விழுந்தாலும் விழட்டும் என்று விட்டுவிட்டு, தன் பெயர் தெரிகிறதா என்று அம்மாவின் கைப்பேசியில் மட்டும் பார்த்துக்கொண்டாள்.

கல்யாணத்தன்று அவள் ஆசைப்பட்டபடியே நடந்தது, முக்கால்வாசி. அரக்குப் புடவையில் மணமகள் அறையிலிருந்து அவள் கிளம்ப, வலது கையைப் பாகு பிடித்துக்கொண்டார், இடது கையைக் கேசரி பிடித்துக்கொண்டார். பின்னால் அம்மாவும் சீர்த்தட்டுப் பெண்களும். தன் மாமன்கள் நடுவில் நடக்கும்போது குழலிக்கு நெஞ்சு நிறைந்தது. நாதஸ்வரம் முழங்கியது. மண்டபத்துக்குள் போகும் கதவு வந்தது.

பழைய காலத்துக் கதவு. மூன்று பேர் சேர்ந்து நுழைய அதில் அகலமில்லை. இரண்டு பேருக்கே இழுபறிதான். யாராவது ஒருவர் முன்னால் போக வேண்டும்.

"நீ போ," என்றார் கேசரி.

"நீ மொதல்ல போ," என்றார் பாகு.

குரலில் ஒரு துளி விஷமம் இல்லை. இருவரும் மனசாரச் சொன்னார்கள், அதுதான் வினை. ஊர் சிரித்த பிறகு, முதலில் போகிறவன் தானாக இருக்கக் கூடாது என்று இருவருமே சாமி முன்னால் சத்தியம் செய்ததுபோல் நின்றார்கள். நீ போ, நீ போ. ஒரு அடி நகரவில்லை. உள்ளே ஐயர் நேரம் போகிறது என்று கையைக் காட்டினார். பின்னால் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்ற பெண்களுக்குக் கை கடுத்தது. இளவரசி அண்ணன்மார் முதுகுகளைத் தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை.

குழலி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் மெல்ல உருவிக்கொண்டாள்.

"நான் போறேன், மாமா," என்றாள். "நீங்க வாங்க."

கதவைத் தாண்டித் தனியாக நடந்தாள். பட்டம் கட்டாத நெற்றியோடு போய் மணையில் உட்கார்ந்தாள். மண்டபமே எட்டிப் பார்த்தது. அவளுக்கு வெட்கமாக இல்லை. பக்கத்தில் தினேஷ், உங்க மாமாங்க எங்கே என்று கேட்டான். அவள் கதவைப் பார்த்தாள்.

கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறியது. அட்சதை விழும்போது கண்ணைத் திறந்து மறுபடி பார்த்தாள். அவர்கள் அதே நிலைப்படியில், பக்கத்தில் பக்கத்தில், மீசை நனைய அழுதுகொண்டு நின்றார்கள். பாகுவின் இடது கையும் கேசரியின் வலது கையும் அவளைப் பிடித்திருந்த மாதிரியே இன்னும் நீண்டிருந்தன. நடுவில் ஒரு ஆள் நிற்கும் இடம் அப்படியே காலியாக இருந்தது.