மந்திரி திறக்க வந்த குழாய்

சென்ற ஞாயிறு பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் புதிதாகத் தண்ணீர்க் குழாய். மந்திரி வந்து திறக்கிறார், செய்தி எழுத வாருங்கள் என்று தோட்டத்துச் சங்கத் தலைவர் பதுளைக்கே ஆள் அனுப்பியிருந்தார்.

குழாய் எப்போதோ போட்டு முடிந்துவிட்டது. தொட்டியும் நிரம்பிவிட்டது. மந்திரிக்குத்தான் நாள் ஒழியவில்லை! அதனால் குழாய்க்கு ரிப்பன் கட்டி வைத்திருந்தார் தலைவர்; பெண்கள் வழக்கம்போலப் பள்ளத்து ஓடையிலிருந்து குடம் சுமந்துகொண்டிருந்தார்கள். ரிப்பனைப் பார்த்துக்கொண்டே குடத்தோடு மேடேறுவது... எப்படி இருந்திருக்கும்?

காலையில் வருவதாகச் சொன்ன மந்திரி மதியமாகியும் வரவில்லை. கொழுந்து பறிக்கும் செல்லம்மா தலைவரிடம் வந்தாள். அவளுடைய மகள் பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள்.

“தலைவரே, வீட்டுல பச்ச உடம்புக்காரி. குளிக்க ஊத்தணும். ஒரு வாளி பிடிச்சுக்கிறேனே?”

“பொறு செல்லம்மா. மந்திரி கையால தொறக்கணும்ல!”

தலைவர் மாலையோடு ரோட்டுக்கு இறங்கிவிட்டார். செல்லம்மா மற்றப் பெண்களைப் பார்த்தாள்.

“என்னாங்கடி, தொறக்கட்டா?”

“தொறங்கக்கா!”

ரிப்பன் அவிழ்ந்தது. அப்புறம் பார்க்க வேண்டுமே! குடம், வாளி, குழம்புச் சட்டி — எல்லாம் நிரம்பின. பிள்ளைகள் குளித்தார்கள். ஒருத்தி போர்வையே துவைத்துவிட்டாள். கீழே கார் ஹார்ன் கேட்டதும் ரிப்பனைப் பழையபடி கட்டிவிட்டு வரிசையில் நின்றுகொண்டார்கள்.

மந்திரி வந்தார். தலைவர் அவருக்கு ஜிகினாக் கிரீடம் சூட்டினார். கிரீடத்தோடே மந்திரி பேசினார்.

“நம் நாடு குடியரசு. இங்கே ராஜா கிடையாது. நீங்கள்தான் ராஜாக்கள்!”

ராஜாக்கள் வெயிலில் நின்று கைதட்டினார்கள். இந்த ‘நீங்கள்’ என்பதில் செல்லம்மாவைச் சேர்த்துக்கொள்ளவே குடியரசுக்குப் பல வருஷம் பிடித்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கு வெகுகாலம் மறுக்கப்பட்ட பிரஜாவுரிமை கிடைத்து, போன தேர்தலில்தான் முதல் வோட்டுப் போட்டாள்.

மந்திரி ரிப்பனை வெட்டினார். கேமரா பார்த்துச் சிரித்தபடி குழாயைத் திருகினார்.

புஸ்ஸ்... வெறும் காற்று. தொட்டி காலி!

“யாரு தொறந்தது?” — தலைவர் கத்தினார்.

“நான்தாங்க” என்றாள் செல்லம்மா.

“யாரைக் கேட்டுத் தொறந்த?”

“இவங்கள எல்லாம் கேட்டுத்தாங்க தொறந்தேன்.”

“நாளைக்கே பூட்டுப் போடுறேன் பாரு!”

“போடுங்க. நாளைக்கு நாங்க ஒருத்தரும் வேலைக்கு எறங்க மாட்டோம்.”

 பெண்கள் ஒவ்வொருவராக வந்து செல்லம்மாவுக்குப் பக்கத்தில் நின்றார்கள். தலைவர் மந்திரியின் முகத்தைப் பார்த்தார்.

குழாயையும் பெண்களையும் மாறி மாறிப் பார்த்த மந்திரி கிரீடத்தைக் கழற்றினார்.

“எல்லாத்தையும் நீங்களே பண்ணிக்கிட்டா, அப்புறம் நான் எதுக்கு?”

 கார் போய்விட்டது. சாயங்காலம் தொட்டியில் மறுபடி தண்ணீர் ஏறியது. பூட்டு இன்றுவரை வரவில்லை.

மந்திரி எதற்கு என்று மக்கள் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு மந்திரியே கேட்டது — எனக்குத் தெரிந்து, இதுதான் முதல் தடவை!