எக்ஸ்ரே அறைக்கு வெளியே நின்ற மகன்

போன வாரம் ஒரு பெரியவரை அவர் மகன் எங்கள் ஸ்கேன் சென்டருக்கு அழைத்து வந்தார். அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

மகனுக்கு நெருப்பெரிச்சல் ஊர்ப் பக்கம் பனியன் துணி பின்னும் சொந்த நிட்டிங் யூனிட். அப்படியொரு பணிவு!

"பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டாருங்க மேடம். கொஞ்சம் சீக்கிரம் பாத்து உடுங்க, ஷிப்மென்ட் இருக்குதுங்க."

பெரியவரிடம் கேட்ட பெயர், வயது, வலி எல்லாவற்றுக்கும் மகனே பதில் சொன்னார். நம் பக்கம் அதற்குப் பொறுப்பு என்று பெயர். நாங்களும் நம்பிப் பழகிவிட்டோம்.

என் வேலை படம் பார்த்து ரிப்போர்ட் கொடுப்பது. ஏசி அறை, ஒரு மானிட்டர், நான். பேச்சுத்துணைக்கு எலும்புகள்தான்...

இவர் படம் உறுத்தியது. வழுக்கி விழுகிறவர் கையை ஊன்றுவார். பெரும்பாலும் மணிக்கட்டுதான் உடையும். இவருக்கு முன்கையின் நடுவில் முறிவு – முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினால் அடி விழுகிற இடம். விலாவில் பழைய முறிவுகள் வேறு. ஒன்று பாதி கூடியிருக்கிறது, இன்னொன்று முழுசாக. ஒரே நாளில் விழுந்தவருக்கு இது எப்படி?

படம் யாரையும் குற்றம் சொல்லாது. கேட்டுப் பார் என்று மட்டும் சொல்லும்.

எக்ஸ்ரே அறைக்குள் கூட வந்தவர்களை விடமாட்டோம். மகன் வெளியே நின்றார். நான் உள்ளே போனேன்.

"அய்யா, யாராச்சும் அடிச்சாங்களா?"

கதவைப் பார்த்தார். "ஏனுங்க அம்மிணி... அடிச்சது ஆருன்னும் படத்துல தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க."

"அப்பச் சரிங்க." பெருமூச்சு விட்டார்.

அவரை வீட்டுக்கு அனுப்ப மனசில்லை. எக்ஸ்ரேக்கு அனுப்பி வைத்த டாக்டருக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். உடனே தன் ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போடச் சொன்னார். சமூக நலத்துறைக்கும் சொல்லிவிடுவதாகச் சொன்னார். அப்பாடா, காப்பாற்றிவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். வார்டில் நர்ஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "துணைக்கு ஆருங்கய்யா இருப்பாங்க? ஆளில்லாம சேத்துக்க மாட்டாங்களே."

பெரியவர் நர்ஸ் பக்கம் திரும்பினார்.

"பையனையே இருக்கச் சொல்லு கண்ணு. அவனை உட்டா எனக்கு வேற ஆரு?"

என் பெருமையெல்லாம் அங்கேயே இறங்கிவிட்டது. துணையில்லாமலே சேர்த்துக்கொள்ளச் சொல்லி மல்லுக்கட்டி, ஒருவழியாகச் சேர்த்தாயிற்று. பத்திரமாகத்தான் இருக்கிறார். மற்ற கட்டில்களுக்குப் பக்கத்தில் யாராவது கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கிறார்கள். இவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அடிக்கிற கையைத் தவிர பிடித்துக்கொள்ள வேறு கை இல்லாத மனிதரை எப்படிக் காப்பாற்றுவது, சொல்லுங்கள்?